மகள் இறங்கினாள், நான் ஏறினேன்

2004ஆம் ஆண்டு மே மாதத்து நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை காலை. ஜேர்மனியின் டுசில்டோர்ஃப் விமான நிலையத்தில் எங்கள் இரண்டு முதுகுப் பைகளையும் தள்ளுவண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, என் கணவர் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும் மலைச் சப்பாத்து. இரண்டு மாதமாக அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போய் வந்தேன்.

"கடிக்குதோ?" என்றார்.

"இல்லை. பழகிட்டுது."

"மூச்சு வாங்கினால் நிண்டு நிண்டு நடவும். ஒருத்தரோடையும் போட்டி போடாதையும்."

அவருக்கு நீரிழிவு. முழங்காலும் சரியில்லை. மூன்றாவது மாடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஏறுவதே அவருக்குப் பெரிய பாடு. அதனால் வரவில்லை. நானும் மகள் நிவேதாவும் பெரு நாட்டுக்குப் புறப்பட்டோம். அந்தீஸ் மலைத்தொடரில் இன்கா மக்கள் போட்ட கற்பாதையில் நாலு நாள் நடந்து, அவர்கள் கட்டிவிட்டுப் போன மச்சு பிச்சு நகரத்தை அடைவது திட்டம்.

இந்தத் திட்டத்தில் முதலில் நான் இருக்கவில்லை. நிவேதாவுக்கு இருபத்து மூன்று வயது. ஆஹெனில் பிசியோதெரபிக்கான ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் மச்சு பிச்சுவின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அங்கே நடந்து போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். தோழி ஒருத்தியோடு இடம் பதிந்திருந்தாள். தோழி கர்ப்பமாகிவிட்டாள். மலைப் பாதையில் நடக்க அனுமதி கடவுச்சீட்டுப் பெயருக்குத்தான் கொடுப்பார்கள். பெயர் அனுப்பவேண்டிய கடைசிக் கிழமையும் வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டின்போது, "அம்மா, நீங்கள் வாறீங்களோ?" என்று பகிடியாகத்தான் கேட்டாள்.

"ஓம், வாறன்," என்றேன்.

இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு நானும் யோசித்தேன். பத்தொன்பது வருடத்துக்கு முன் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் நாலு வயது நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது தொடக்கம், எங்கேயும் நானாக விரும்பிப் போனதில்லை. அகதி விண்ணப்பத்துக்கு, மருத்துவரிடம், பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு, கல்யாண வீடுகளுக்கு என்று போனதெல்லாம் போகவேண்டியிருந்ததால் போனது.

கோயிலில் தெரிந்த ஒரு அக்கா கேட்டார், "அவ்வளவு தூரம் போய் அங்கை என்ன பாக்கப் போறீர்?"

"இடிஞ்ச கோயிலும் வீடுகளும் இருக்காம், அக்கா."

"இடிஞ்ச வீடு பாக்கிறதெண்டால் ஊருக்கே போகலாமே."

இலங்கையில் போர்நிறுத்தம் வந்தபிறகு, இந்தப் பயணத்துக்கு முந்தின வருடம் நாங்கள் எங்கள் வீட்டையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

பயிற்சிக்கு வுப்பர்டால் போதும். எங்கள் நகரம் ஆற்றின் இரு கரையிலும் மேட்டில் ஏறி நிற்கிறது. தெருவுக்குத் தெரு கற்படிகள். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்கு ரயிலிலிருந்து இறங்கி அந்த இல்லத்துக்குப் போக ஒரு நீளமான படிக்கட்டு. அதில் ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகில் போட்டுக்கொண்டு ஏறி இறங்கினேன். ஆனால் எங்கள் நகரத்தின் மிக உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து முந்நூற்றைம்பது மீற்றர்தான். நாங்கள் கடக்கவேண்டிய கணவாய் நாலாயிரத்து இருநூறு மீற்றர்.

மட்ரிட், லீமா என்று இரண்டு இடத்தில் விமானம் மாறி ஞாயிற்றுக்கிழமை நண்பகல் குஸ்கோவில் இறங்கினோம். குஸ்கோ மூவாயிரத்து நானூறு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெயில் சுள்ளென்று அடிக்கும், நிழலுக்குப் போனால் குளிரும். விடுதிப் படியில் பத்து அடி ஏறியதும் என் இதயம் காதுக்குள் அடித்தது. உயரத்தைத் தாங்க நல்லதென்று கோக்கா இலை போட்ட வெந்நீர் தந்தார்கள். காய்ந்த புல்லின் வாசம். அன்றும் மறுநாளும் தலையிடியோடு நான் கட்டிலில் கிடந்தேன். நிவேதா நகரம் முழுக்கச் சுற்றினாள். இன்கா மக்களின் சுவர்மேல் ஸ்பானியர் தேவாலயம் எழுப்பியிருக்கிறார்கள் என்றும், அந்தப் பழைய சுவரில் இரண்டு கல்லுக்கு நடுவே பேனாக்கத்திகூடப் போகாது என்றும் வந்து சொன்னாள்.

"பாவம் அம்மா. உங்களாலை ஏலாதெண்டால் சொல்லுங்கோ. நீங்கள் ரயிலிலை வரலாம்," என்றாள்.

"பாப்பம்," என்றேன்.

மூன்றாம் நாள் தலையிடி விட்டுவிட்டது.

புதன்கிழமை விடியற்காலை வான் வண்டியில் புறப்பட்டோம். குழுவில் எட்டுப் பேர். எங்களைத் தவிர மற்ற எல்லோரும் ஜேர்மன்காரர். வழிகாட்டியின் பெயர் எஃப்ராயின். நாற்பது வயதிருக்கும், குஸ்கோவுக்குப் பக்கத்துக் கிராமத்து ஆள். ஜேர்மன் மொழியான டொச்சை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். என்னை அம்மணி என்பதற்கான ஸ்பானிஷ் சொல்லோடு 'செஞோரா சாந்தி' என்று கூப்பிட்டார். அவருக்கு உதவியாக யோவானா என்ற இளம்பெண் வந்தாள். அவளுக்கு ஸ்பானிஷும் மலைமக்களின் கெச்சுவா மொழியும் மட்டுமே தெரியும். நிவேதா பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படித்தவள். வண்டிக்குள்ளேயே இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள்.

உருபம்பா ஆற்றோரமாக ஓடும் ரயில் பாதையின் எண்பத்திரண்டாம் கிலோமீற்றர் கல்தான் நடையின் தொடக்கம். கடவுச்சீட்டைப் பார்த்து முத்திரை குத்தினார்கள். தொங்குபாலத்தைக் கடந்தோம். மச்சு பிச்சுவுக்கு அங்கிருந்து நாற்பத்து மூன்று கிலோமீற்றர். கூடாரம், சமையல் சாமான், எரிவாயுச் சிலிண்டர் எல்லாவற்றையும் கட்டிச் சுமந்துகொண்டு சுமைகாரர்கள் எங்களைத் தாண்டி ஓட்டநடையில் போனார்கள். அவர்களின் கன்னத்தில் கோக்கா இலை அடங்கியிருந்தது, எங்கள் ஆட்கள் வெற்றிலையை அடக்கிக்கொள்வதுபோல.

முதல் நாள் பாதை சுலபம். கள்ளிச் செடி, யூக்கலிப்டஸ் மரம், தூரத்தில் வெள்ளை மலை. நிவேதா முன்னால் போய்ப் படம் எடுத்துவிட்டு எனக்காக நின்றாள். நான் கடைசியில் நடந்தேன். என்னோடு பிறேமனில் இருந்து வந்திருந்த ஹெல்கா நடந்தார். அறுபத்து மூன்று வயது. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்தபிறகு வருடத்துக்கு ஒரு மலை ஏறுவதாகச் சொன்னார். மணிக்கணக்காகப் பேசாமல் நடக்கக்கூடிய மனுஷி. எனக்கு அது பிடித்தது.

அன்று மாலை மூவாயிரம் மீற்றர் உயரத்தில் வய்யபம்பா கிராமத்தில் கூடாரம் போட்டார்கள். கின்வாத் தானியம் போட்ட சூப், உருளைக்கிழங்கு, கோழி. நிவேதா சூப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சாப்பிடேல்லை?"

"மத்தியானம் கனக்கச் சாப்பிட்டிட்டன், அம்மா."

வியாழக்கிழமைதான் பெரிய ஏற்றம். ஆயிரத்து இருநூறு மீற்றர் ஏறிக் கணவாயைக் கடந்து மறுபக்கம் இறங்கவேண்டும். காட்டுக்குள்ளே ஓடையோரமாகக் கற்படிகள் தொடங்கின. பாசி பிடித்த மரங்கள். முன்னால் போன நிவேதா எனக்குப் பக்கத்தில் வந்தாள். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் போனாள். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் கையை ஆட்டினாள், "நான் வாறன், நீங்கள் போங்கோ."

நண்பகலில் காடு முடிந்து புல்வெளி திறந்தது. யுயுச்சபம்பா என்பது அந்த இடத்தின் பெயர். உயரம் மூவாயிரத்து எண்ணூறு மீற்றர். தேநீர் தந்தார்கள். நிவேதா வந்து ஒரு கல்லில் இருந்தாள். இருந்த கையோடு எழும்பி ஓரமாகப் போய்ச் சத்தி எடுத்தாள். நான் ஓடிப்போய் நெற்றியைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"எனக்கு ஒண்டும் இல்லை. தலையிடிதான். குளிசை போட்டிட்டன்."

மேலங்கியின் சிப்பை இழுக்கப் பார்த்தாள். முடியவில்லை. சிறுபிள்ளை மாதிரி அதையே திரும்பத் திரும்பப் பிடித்துத் தவறவிட்டாள். மற்றவர்களின் கைகால் அசைவைச் சரிசெய்யப் படித்த பிள்ளை. எஃப்ராயினைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து ஊன்றுகோலால் மண்ணில் ஒரு நீளக் கோடு கீறினார்.

"இதிலை நடவுங்கோ. குதியும் விரலும் முட்டுற மாதிரி." நாங்கள் டொச்சில் பேசியதை இங்கே என் தமிழில் தருகிறேன்.

நாலாவது அடியில் நிவேதா கோட்டுக்கு வெளியே போனாள். சிரித்துக்கொண்டு திரும்பத் தொடங்கினாள். இம்முறை மூன்றாவது அடியிலேயே சரிந்தாள், யோவானா பிடித்துக்கொண்டாள்.

"தலையிடியும் சத்தியும் எல்லாருக்கும் வாறதுதான்," என்றார் எஃப்ராயின். "கால் தடுமாறினால் அது வேற. மூளையிலை நீர் கோக்கத் தொடங்குது எண்டு அர்த்தம். இவ மேல போக ஏலாது. இப்பவே இறங்கவேணும்."

"கொஞ்சம் இருந்திட்டுப் போனால் சரியாயிடும்," என்றாள் நிவேதா.

"இந்த உயரத்திலை இருந்தால் சரியாகாது. கீழ போகப் போகச் சரியாகும்."

யோவானாவும் ஒரு சுமைகாரரும் அவளைக் கூட்டிக்கொண்டு வய்யபம்பாவுக்கு இறங்குவார்கள், அங்கே குதிரை கிடைக்கும், ஆற்றங்கரையில் வண்டி, பிறகு ரயிலில் மச்சு பிச்சுவுக்குக் கீழே உள்ள ஊருக்கு வந்து எங்களைச் சந்திக்கலாம் என்று சொன்னார். நான் என் பையைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"நானும் வாறன், நட," என்றேன்.

நிவேதா கல்லிலிருந்து எழும்பவில்லை. "நீங்கள் வரவேண்டாம். நீங்கள் மேல போங்கோ."

"விசர்க்கதை கதையாதை."

"அம்மா, யோவானாவுக்கு டொச் தெரியாது. உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. நீங்கள் வந்தால் நான்தான் உங்களையும் சேத்துப் பாக்கவேணும். என்னாலை ஏலாது." கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "நீங்கள் என்னோடை இறங்கினால் நான் இஞ்சையே இருப்பன். ரெண்டு பேரும் போகாமல் விட்டால் எனக்குத் தாங்கேலாது."

வருத்தத்தில் உளறுகிறாளா, தெரிந்துதான் பேசுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. எஃப்ராயினைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டேன், "உங்கட பிள்ளையெண்டால் என்ன செய்வீங்கள்?"

"உடனே கீழ அனுப்புவன். ஆர் கூடப் போறது எண்ட சண்டையைப் பிறகு பிடிப்பன். யோவானா இப்பிடிக் கனபேரைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறாள், செஞோரா. உங்கட பதிலைப் பாத்துத்தான் உங்கட மகள் எழும்பாமல் இருக்கிறா. நீங்கள் ஓம் எண்டால் எழும்புவா."

நான் போய் அவளுடைய சிப்பைக் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டேன். "சரி. நான் மேல போறன். நீ இறங்கு."

உடனே எழும்பிவிட்டாள். ஒரு பக்கம் யோவானா, மறுபக்கம் சத்துர்னினோ என்ற சுமைகாரர். படிக்கட்டின் வளைவில் அவள் தொப்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. காலை எங்கே வைப்பது என்பதிலேயே அவள் கவனம் முழுக்க இருந்திருக்கும்.

மற்றவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். ஹெல்கா மட்டும் எனக்காக நின்றார். "ஒரு அடி, ஒரு மூச்சு. வேற ஒண்டும் இப்ப தேவையில்லை," என்றார்.

அந்தக் கடைசி நானூறு மீற்றர் உயரத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். ஆனால் எழுத அதிகம் இல்லை. மரம் இல்லை, பறவை இல்லை. வெள்ளைப் புல்லும் கல்லும் காற்றும். மேலே கணவாய் தெரிந்துகொண்டே இருக்கும், கிட்டே வராது. முதலில் ஒவ்வொரு அடிக்கும் மகளை நினைத்தேன். இப்போது எங்கே போயிருப்பாள், விழுந்திருப்பாளா, நான் செய்தது சரியா, வீட்டிலிருக்கும் இவருக்கு என்ன பதில் சொல்வேன். இரண்டு தரம் திரும்பி இறங்கலாம் என்று நின்றேன். ஹெல்காவும் நின்றார். பிறகு காற்று இன்னும் மெல்லியதாகிவிட்டது. நாலு அடி வைத்தால் பத்து மூச்சு வேண்டும். அந்த இடத்தில் எண்ணம் ஒன்றொன்றாக விழுந்துவிட்டது. கால் இருந்தது, நெஞ்சு இருந்தது, முன்னால் ஒரு கல் இருந்தது.

கணவாயில் ஏறி நின்றபோது காற்று முகத்தில் அறைந்தது. ஒரு பக்கம் நாங்கள் வந்த பள்ளத்தாக்கு, கீழே கீழே போய் நீலமாகிக் கிடந்தது. மறுபக்கம் வேறு மலைகள், வேறு பனி, நான் அதுவரை அறியாத ஒரு நாடு. நான் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நல்லாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்போதுதான் தெரிந்தது, கடைசி ஒரு மணித்தியாலமாக நான் நிவேதாவை நினைக்கவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு மணித்தியாலம் எனக்கு இருந்ததில்லை. அவள் கீழே வருத்தத்தோடு இறங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அது வந்திருக்கிறது. அந்தக் கல்லில் இருந்து அழுதேன். ஹெல்கா முதுகைத் தடவிவிட்டு ஒரு துண்டு சொக்கலேற் தந்தார்.

இறங்கும்போது எஃப்ராயினிடம், "இந்தக் கணவாய்க்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

"வார்மி வஞ்ஞுஸ்கா."

"அர்த்தம்?"

அவர் பாதையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். "கூடாரத்துக்குப் போய்ச் சொல்லுறன்."

தேநீர் குடிக்கும்போது சொன்னார்: செத்த பெண். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த மலை ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பதுபோல் இருக்குமாம். "ஏறமுந்திச் சொல்லியிருந்தால் நீங்கள் திரும்பியிருப்பீங்கள்," என்றார். டொச்சில் எனக்குத் தெரிந்த ஏச்சு இரண்டையும் அவருக்குச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பக்கமயோ முகாமில் அன்று எனக்கு நித்திரை வரவில்லை. பக்கத்தில் நிவேதாவின் தூக்கப்பை தட்டையாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாவது கணவாய்க்கு ஏறும்போது, வட்டச் சுவராக இன்கா மக்கள் கட்டிய ஒரு தங்கிடத்தில் இளைப்பாறினோம். கீழேயிருந்து யாரோ ஏறி வந்தார்கள். சத்துர்னினோ. விடியமுன் வய்யபம்பாவில் புறப்பட்டு, நாங்கள் ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கிய கணவாயைத் தாண்டி வந்து எங்களைப் பிடித்துவிட்டார். எஃப்ராயினிடம் கெச்சுவாவில் ஏதோ சொல்ல, எஃப்ராயின் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பதைக் கண்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"வய்யபம்பாவுக்கு வர முந்தியே மகளுக்குத் தெளிஞ்சிட்டுதாம். அங்கை ரெண்டு கோப்பை நூடில்ஸ் சாப்பிட்டாவாம். குதிரை மெல்லமாப் போகுதெண்டு ஏசிக்கொண்டு போனாவாம்."

"அழுதவளோ?"

அவர் சத்துர்னினோவிடம் கேட்டார். சத்துர்னினோ என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஓம்.

அன்றைய பாதை முழுக்க முகில் காடு. மரக்கிளையில் ஓர்க்கிட் பூத்திருந்தது. பாறையைக் குடைந்த சுரங்கத்துக்குள்ளும் படி. பள்ளத்தின் ஓரமாக ஒட்டிக்கொண்டு போகும் கற்பாதை எங்கேயும் ஆடவில்லை. வழிநெடுக ஊர்கள் வந்தன. கூரையில்லாத வீடுகள், இன்னும் தண்ணீர் ஓடுகிற கல்வாய்க்கால்கள். ஒவ்வொரு இடத்திலும் குழுவில் யாராவது ஒருவர், இவர்கள் ஏன் விட்டுப் போனார்கள் என்று கேட்டார்கள். எஃப்ராயின் ஸ்பானியர், அம்மைநோய், உள்ளூர்ச் சண்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அலுத்துப்போய், "நாங்கள் எங்கையும் போகேல்லை. இஞ்சைதான் இருக்கிறம். நேற்று உங்களுக்குச் சூப் வைச்சது ஆர்?" என்றார்.

மூன்றாவது முகாமில் தொலைபேசி இருந்தது. மச்சு பிச்சுவுக்குக் கீழே உள்ள விடுதிக்கு எடுத்துத் தந்தார்கள்.

"அம்மா, கடந்தனீங்களோ?" என்றாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"ஓம். உனக்கு எப்பிடி?"

"எனக்கு ஒண்டும் இல்லை. நாளைக்குச் சொல்லுறன்." வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை வெயில் ஏறும் நேரம் சூரிய வாசலுக்கு வந்தோம். மலையின் விளிம்பில் சில கல்தூண்கள். அங்கிருந்துதான் மச்சு பிச்சுவை முதலில் பார்க்கவேண்டுமாம். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நானும் பார்த்தேன். பச்சை முகட்டின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு நகரம், சுற்றிவரப் பள்ளம். ஆனால் அங்கிருந்து இறங்கும் பாதையில் சிவப்புத் தொப்பியோடு ஒரு உருவம் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது. என் கண் அதிலேயே போய் நின்றுவிட்டது.

முதல் பஸ்ஸில் வந்து, எங்களை எதிர்கொள்ளக் கீழேயிருந்து நடந்து வந்திருக்கிறாள். நான் ஓடினேன். கட்டிப்பிடித்தேன். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "நேர்க்கோட்டிலை நடந்து காட்டு," என்றேன். ஒரு காலில் நின்று காட்டினாள்.

பாதையோரக் கல்லில் இரண்டு பேரும் இருந்தோம். மற்றவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். கொஞ்ச நேரம் நல்லாகத்தான் இருந்தாள். பிறகு நகரத்தைக் காட்டிச் சொன்னாள், "எல்லாரும் பஸ்ஸிலை வந்து பாக்கிறதைத்தான் நானும் பஸ்ஸிலை வந்து பாக்கிறன். பத்து வருஷமா இதை நினைச்சுக்கொண்டிருந்தனான். குதிரையிலை இருந்து முழுவழியும் அழுதுகொண்டு வந்தன். நான் இறங்கிறன், நீங்கள் ஏறுறீங்கள். உங்களை அனுப்பினதும் நான்தான். ஆனால் உங்களோடை கோவமும் வந்திது."

நான் நடந்து பெற்றதை அவளுக்குக் கொடுக்கமுடியாது. "ஓம்," என்றேன்.

"மேல எப்பிடி இருந்தது?"

நாலு நாளையும் சொன்னேன். காற்றைச் சொன்னேன், செத்த பெண்ணின் பெயரைச் சொன்னேன், பூக்களைச் சொன்னேன். மறைக்காமல் அந்த ஒரு மணித்தியாலத்தையும் சொன்னேன்.

"என்னை நினைக்கவே இல்லையோ?" முகம் கொஞ்சம் சுருங்கியது. "உண்மையாவோ?"

"உண்மையா."

அவள் சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். பிறகு சிரித்தாள். "நல்லம். நான் ஆஹெனுக்குப் போன நாளிலையிருந்து ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் ரெலிபோன் எடுக்கிறீங்கள், அம்மா. ஒரு மணித்தியாலம் எண்டாலும் விட்டீங்களே."

நகர வாசலில் எஃப்ராயின் எங்களுக்காக நின்றார். வாசல் நிலையின் மேலே ஒரு கல்வளையம். உள்பக்கச் சுவரில் இரண்டு குழியும் அவற்றுக்குள் கல்முளையும். மரக்கதவை அவற்றில் கயிற்றால் கட்டி வைத்தார்களாம். வளையமும் முளையும் அப்படியே இருக்கின்றன, கதவைத்தான் காணவில்லை. நிவேதா குழிக்குள் கையை விட்டு முளையைப் பிடித்துப் பார்த்தாள்.

"எங்கட வீட்டிலை இதுவும் இல்லை. நிலையையும் சேத்துக் கழட்டிக்கொண்டு போட்டாங்கள், என்ன?" என்றாள்.

"ஓம்."

முந்தின வருடம் ஊரில் அந்த வீட்டின் முன் நின்றபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதுதான் 'எங்கட வீடு' என்று அவள் வாயால் கேட்டேன். நாங்கள் உள்ளே போய், வெயில் சாயும்வரைக்கும் ஒவ்வொரு அறையாகப் பார்த்தோம்.

குஸ்கோவுக்குத் திரும்பிய மறுநாள் நிவேதா சொன்னாள், தான் இன்னும் பத்து நாள் நிற்கப்போவதாக. அவளுடைய புது வேலை ஜூலையில்தான் தொடங்குகிறது. யோவானாவின் வீட்டில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, அனுமதி தேவையில்லாத வேறொரு மலைப் பாதையில் இரண்டு பேரும் நடக்கப் போகிறார்களாம். எனக்கு வேலைக்குத் திரும்பியாகவேண்டும். வுப்பர்டாலுக்குத் தொலைபேசி எடுத்து இவருக்குச் சொன்னேன்.

"சத்தி எடுத்த பிள்ளையை எப்பிடி நீர் விட்டிட்டு வாறீர்?"

"அவள் இறங்கவேண்டிய நேரத்திலை இறங்கினவள்தானே. இனியும் இறங்குவாள்."

"அப்ப நீர் தனிய வருவீரோ? லீமாவிலை மாறவேணுமே?"

"மாறுவன்."

குஸ்கோ விமான நிலையத்தில் அவள் என்னைப் பாதுகாப்பு வாசல் வரைக்கும் கூட்டி வந்தாள். எனக்குத் தெரிந்த பிரிவுகளெல்லாம் திரும்பக் காண்போமா என்று தெரியாத பிரிவுகள். பஸ் நிலையத்திலும் படகுத்துறையிலும் கொழும்பிலும் அப்படித்தான் அழுதிருக்கிறேன். இந்தப் பிரிவுக்குத் திரும்பும் நாளும் விமான இலக்கமும் இருந்தன. உள்ளே போய் இருந்ததும் அழுகை வரும் என்று பார்த்தேன். பசிதான் வந்தது. பாற்கட்டி வைத்த பாணொன்று வாங்கி, அதைத் தனியே இருந்து, அவசரப்படாமல் சாப்பிட்டு முடித்தேன்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை, முதியோர் இல்லத்தின் சலவை அறையில் இருந்தபோது என் கைத்தொலைபேசி அடித்தது. இரைச்சலுக்குள்ளே நிவேதாவின் குரல்.

"அம்மா, கடந்திட்டன்! நாலாயிரத்து நானூறு மீற்றர். உங்கடையிலும் பாக்க உயரம்."

"தலையிடி?"

"கொஞ்சம். கால் தடுமாறேல்லை. யோவானா கோடு கீறிப் பாத்தவள்."

"மேல என்ன தெரிஞ்சுது?"

"ஒண்டும் தெரியேல்லை. முழுக்க முகில். என்ர கையே எனக்குத் தெரியேல்லை." சிரித்தாள். "உங்களுக்கு நேரமிருக்கோ? வேலையோ?"

இயந்திரத்தில் போர்வைகள் சுழன்றுகொண்டிருந்தன. கூட வேலை செய்பவளிடம் ஐந்து நிமிடம் என்று கையால் காட்டிவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"முதலிலையிருந்து சொல்லு," என்றேன்.